விழும் அபாயம் வேறு, விழுவோமோ என்ற பயம் வேறு

முழங்கால் தேய்மானம், பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு என்று எதற்காகப் பிசியோதெரபிக்கு வந்தாலும், 65 வயதைக் கடந்தவரிடம் கேட்காமல் விடக்கூடாத கேள்வி, கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார் என்பது. அந்த வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். விழுந்ததால் உலகம் முழுக்க ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

இருந்தும், நோயாளியின் கோப்பில் அந்தக் கேள்விக்கு நேராகப் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் எழுதியிருக்கும். கேட்ட விதம்தான் அதற்குக் காரணம்.

"விழுந்தீங்களாம்மா?"

"இல்லியேப்பா."

"வழுக்கியோ தடுக்கியோ, தள்ளாடியோ தரையில உக்காந்துட்டீங்களா?"

"ஆமா, பாத்ரூம்ல ஒருதரம். அடியெல்லாம் ஒண்ணும் படல."

அடிபட்டால்தான் விழுந்த கணக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி 2005-இல் வெளியிட்ட வரையறை அப்படிப் பார்ப்பதில்லை: எதிர்பாராமல் தரையிலோ தாழ்வான வேறு இடத்திலோ வந்து கிடக்க நேர்ந்தால் அது விழுதல். அடிபட்டதா, யாராவது பார்த்தார்களா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். கட்டில் விளிம்பிலிருந்து சரிந்து உட்கார்ந்ததும், வாசற்படியில் கால் இடறி உட்கார்ந்ததும் இந்தக் கணக்கில் வரும். ஆகவே வழுக்கல், தடுக்கல், தள்ளாட்டம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதியோர் விழுவதைத் தடுக்க 2022-இல் வெளியான உலகளாவிய வழிகாட்டுதல் இதை மூன்று கேள்விகளாகச் சுருக்கியது. ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாட்டமாக இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை இருக்கிறதா? முதல் இரண்டும் உடம்பைப் பற்றியவை, மூன்றாவது மனதைப் பற்றியது. அந்த மூன்றாவது கேள்வியைச் சும்மா ஆறுதலுக்குக் கேட்பதாக எடுத்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்டுகளான நாம் பதிலை எழுதாமலே விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

சிட்னியில் 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. பார்வை, கால்களின் நிலையை உணரும் திறன், தொடைத் தசை வலு, கை எதிர்வினை வேகம், நிற்கும்போதான ஆட்டம் ஆகியவற்றை அளந்து ஒவ்வொருவரின் உடல்ரீதியான அபாயத்தைக் கணக்கிட்டார்கள். விழுவது பற்றிய கவலையைத் தனியே அளந்தார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்தபோது நான்கு குழுக்கள் தெரிந்தன. அபாயமும் குறைவு, பயமும் குறைவு என்றவர்கள் 29 சதவீதம். இரண்டும் அதிகம் என்றவர்கள் 40 சதவீதம். மீதிப் பேரிடம் மனதின் கணக்கும் உடம்பின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. உடம்பு திடமாக இருந்தும் பயந்தவர்கள் 11 சதவீதம், உடம்பு தளர்ந்திருந்தும் பயப்படாதவர்கள் 20 சதவீதம். திடமாக இருந்தும் பயந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. தளர்ந்திருந்தும் பயப்படாதவர்களோ உற்சாகமானவர்கள், வெளியே போய் வருபவர்கள். அவர்கள் விழுந்த எண்ணிக்கையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான்.

ஆக மூன்றில் ஒருவரிடம் ஒன்றை மட்டும் அளந்து மற்றொன்றை ஊகித்தால் தவறாகிவிடும். உடம்பை மட்டும் அளக்கும் பிசியோதெரபிஸ்ட், பயத்தால் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பாட்டியை 'நல்ல நிலை' என்று அனுப்பிவிடுவார். பயத்தை மட்டும் கேட்பவர், தைரியமாக மொட்டைமாடிக்கு ஏறும் தாத்தாவின் கால் வலு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்க்கவே மாட்டார்.

பயம் வெறும் மனச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. விழுந்துவிடுவோம் என்று நினைப்பவரின் கணுக்கால், முழங்கால் தசைகள் முன்னும் பின்னும் ஒரே சமயத்தில் இறுகுகின்றன. அடிகள் குட்டையாகின்றன. பார்வை பாதத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. சிலர் படியில் கால் பதிவதற்கு முன்பே கண்ணை அடுத்த படிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வைத்த கால் இடம் மாறிப் பதியும். அதற்கும் மேலே, பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். குறைத்த நடை தொடைத் தசையைக் கரைக்கிறது. சில மாதங்களில் அந்தப் பயம் உடம்பளவில் உண்மையாகிவிடுகிறது.

உடம்பை அளப்பது

எந்தச் சோதனைக்கும் முன்பு ரத்த அழுத்தம். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்றதும் 1-ஆவது, 3-ஆவது நிமிடங்களில் ஒவ்வொரு முறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது அழுத்தம் சரிகிறது என்று பொருள். தலைசுற்றல் இல்லை என்று அவர் சொன்னாலும் அளக்க வேண்டும், பலருக்கு அது தெரிவதே இல்லை. கையோடு மாத்திரைப் பையையும் வாங்கிப் பாருங்கள். தூக்க மாத்திரை, அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, பிபி மாத்திரைகள், ஆண்களுக்கான புராஸ்டேட் மாத்திரை, சர்க்கரையைத் திடீரென்று இறக்கும் மாத்திரை ஆகிய ஆறும்தான் முக்கியம். மாத்திரையை மாற்றுவது நம் வேலையில்லை. எழுதிக் கொடுத்த மருத்துவருக்குத் தகவல் சொல்வது நம் வேலை. சர்க்கரை நோயாளிக்கு 10 கிராம் மோனோஃபிலமென்டால் (பாதத்தில் அழுத்திப் பார்க்கும் நைலான் இழை) பாத உணர்வைப் பார்க்காமல் சமநிலைச் சோதனைக்குப் போவதில் அர்த்தமில்லை.

அடுத்தது நடை. 1991-இல் வந்த 'டைம்ட் அப் அண்ட் கோ' சோதனை எல்லோருக்கும் தெரியும்: கைப்பிடி உள்ள, சுமார் 46 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமான செருப்பு, வழக்கமான கைத்தடி, வழக்கமான வேகம். ஒருமுறை பழகவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்னால் நழுவும். சோதனையிலேயே விழவைத்த குற்றம் நம்மைச் சேரும். பரிசோதிப்பவர் நோயாளியின் பலம் குறைந்த பக்கம், அரை அடி பின்னால் நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் அவர் நம் வேகத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார்.

எத்தனை நொடி என்றால் அபாயம்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 12 என்கிறது, 2000-இல் வந்த ஓர் ஆய்வு 13.5 என்றது, உலகளாவிய வழிகாட்டுதல் 15-க்கு மேல் என்கிறது. எந்தக் கோட்டை எடுத்துக்கொண்டாலும், இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து யார் விழுவார் என்று நன்றாகச் சொல்லிவிட முடியாது. நேரம் கூடுதலாக இருந்தால் கவலைப்பட இடமுண்டு, குறைவாக இருந்தால் நிம்மதியடைய இடமில்லை.

அதனால் ஸ்டாப்வாட்ச்சைவிட அந்தத் திருப்பத்தைப் பார்ப்பதே பயனுள்ளது. திடமாக இருப்பவர் மூன்று நான்கு அடிகளில், நடையை நிறுத்தாமல் திரும்பிவிடுவார். தடுமாற்றம் உள்ளவர் முதலில் நிற்பார். தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கட்டையாகத் திரும்பும். கால்கள் இருந்த இடத்திலேயே ஆறு, ஏழு, எட்டு என்று சின்னச் சின்ன அடிகள் வைக்கும். ஒரு கை பக்கத்துச் சுவரைத் தேடும், சுவர் எட்டாத தூரத்தில் இருந்தாலும் கை அந்தப் பக்கம் போகும். திரும்பி வந்து உட்காரும்போது நாற்காலி தொடையின் பின்பக்கத்தைத் தொடும் முன்பே தொப்பென்று விழுவார். 13 நொடி என்று எழுதிவிட்டு இதையெல்லாம் எழுதாமல் விட்டால், சிகிச்சைக்கு வேண்டிய தகவல் அவ்வளவும் போய்விடும். பேசிக்கொண்டே நடக்கவும் வையுங்கள். பேச்சு கொடுத்ததும் நடையை நிறுத்துபவர் விழும் வாய்ப்புள்ளவர் என்பது 1997-இலேயே கவனிக்கப்பட்டது.

கால் வலுவுக்கு 30 நொடி எழுந்து உட்காரும் சோதனை போதும். கைப்பிடி இல்லாத, 43 செ.மீ. உயர நாற்காலி, கைகள் மார்பில் குறுக்காக. முழுதாக எழுந்த முறைகள் மட்டும் கணக்கு. 30-ஆவது நொடியில் பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் சேர்க்கலாம். கையை ஊன்றினால் மதிப்பெண் பூஜ்யம், ஆனால் கோப்பில் 'கை ஊன்றி 6' என்று தனியே எழுதிக்கொள்ளலாம், அடுத்த முறை ஒப்பிட உதவும். 70 முதல் 74 வயதில் பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12 ஆகியவற்றுக்குக் கீழே போனால் சராசரிக்கும் குறைவு. 80 முதல் 84-இல் அதுவே 9, 10. இந்த அளவுகள் அமெரிக்க முதியோரை வைத்துப் போட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சமநிலைக்கு நான்கு நிலைகள், ஒவ்வொன்றும் 10 நொடி: பாதங்கள் ஒட்டி, ஒரு பாதம் பாதி முன்னால், குதிகாலும் பெருவிரலும் தொட ஒரே கோட்டில், ஒற்றைக் காலில். மூன்றாவதில் 10 நொடி நிற்காவிட்டால் அபாயம் கூடுதல். பெர்க் அளவுகோல் இன்னும் விரிவானது, 14 செயல்கள், மொத்தம் 56. அதில் 45-க்குக் கீழே என்றால் விழுவார், மேலே என்றால் விழமாட்டார் என்று பிரிப்பது சரியல்ல. 50-க்கு மேல் வாங்கியவர்களும் விழுகிறார்கள், ஏனென்றால் நடையையும் நடந்துகொண்டே திரும்புவதையும் பெர்க் சோதிப்பதில்லை.

பயத்தை அளப்பது

இதற்கு இரண்டு கருவிகள் பெரும்புழக்கத்தில் உள்ளன. 1995-இல் கனடாவில் உருவான 'ஏபிசி' அளவுகோலில் 16 செயல்கள். ஒவ்வொன்றையும் தடுமாறாமல் செய்ய எத்தனை சதவீதம் நம்பிக்கை என்று நோயாளி சொல்ல வேண்டும். சராசரி 67-க்குக் கீழே என்றால் விழும் அபாயம் கூடுதல் என எடுத்துக்கொள்வார்கள். நம் முதியோரிடம் இதில் இரண்டு சிக்கல்கள். பள்ளிப் படிப்பு இல்லாதவருக்குச் சதவீதம் என்பது பிடிபடாது; 'முக்கால்வாசி', 'பாதிக்குப் பாதி' என்றுதான் பதில் வரும், அதை எண்ணாக்கும்போது நம் ஊகம் கலந்துவிடும். இரண்டாவது, கேள்விகளில் ஒன்று பனி உறைந்த நடைபாதையில் நடப்பது பற்றியது. மதுரையில் இருப்பவர் அதற்கு என்ன சொல்வார்?

2005-இல் வந்த 'எஃப்.ஈ.எஸ்-ஐ' இதைவிடப் பொருத்தமானது. இதிலும் 16 செயல்கள்தான், ஆனால் பதில் நான்கே படிகள்: கவலையே இல்லை, கொஞ்சம், ஓரளவு, ரொம்ப. மொத்தம் 16 முதல் 64 வரை. 19 வரை குறைந்த கவலை, 20 முதல் 27 வரை நடுத்தரம், 28-லிருந்து அதிகம். நேரம் இல்லாதபோது 7 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் இருக்கிறது: உடை மாற்றுதல், குளித்தல், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், படி ஏறி இறங்குதல், தலைக்கு மேலோ தரையிலோ உள்ளதை எட்டி எடுத்தல், சரிவில் நடத்தல், விசேஷத்துக்குப் போய்வருதல். இதில் 7, 8 குறைவு, 9 முதல் 13 நடுத்தரம், 14-லிருந்து அதிகம்.

இந்தக் கருவியில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. 'கடைக்குப் போவது பற்றிக் கவலையா?' என்றால் 'நான் போறதே இல்லியே, அப்புறம் என்ன கவலை' என்பார். உடனே 1 என்று போட்டுவிடுவோம். போகாமல் இருப்பதே பயத்தால்தானே! இப்போது செய்யாத செயலாக இருந்தால், செய்ய நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பதில் சொல்லச் சொல்வதுதான் இந்தக் கருவியின் விதி. அப்படியும் பதில் வராத கேள்விகள் நான்குக்கு மேல் போனால் (சுருக்க வடிவத்தில் இரண்டுக்கு மேல்) அந்தத் தாளைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

கேட்கும் நேரமும் இடமும் பதிலை மாற்றிவிடும். நடைச் சோதனைக்கு முன்பே கேளுங்கள். தடுமாறிய கையோடு கேட்டால் பயம் ஏறித் தெரியும், நன்றாகச் செய்த கையோடு கேட்டால் இறங்கித் தெரியும். மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கக் கேட்காதீர்கள். 'பயமா இருக்கு' என்று சொன்னால் கோயிலுக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் எல்லாவற்றுக்கும் 'ஒண்ணுமில்ல' என்பார்கள். பலருக்குப் 'பயம்' என்ற சொல்லே கௌரவக் குறைச்சல். 'கவலை', 'யோசனை' என்று கேட்டால் மனம் திறப்பார்கள். மறதி நோய் உள்ளவரிடம் கேள்வித்தாளைவிட அவர் வீட்டுக்குள் எதை எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று பார்ப்பது மேல்.

இந்தக் கருவிகள் எதிலும் நம் வீட்டுக் குளியலறை முழுதாக இல்லை. ஷவருக்கு அடியில் நிற்பவரைப் போல் அல்லாமல், வாளியில் மொண்டு குளிப்பவர் முழங்கால் அளவுக்குக் குனிந்து, நிமிர்ந்து, தலையில் ஊற்றுகிறார். ஊற்றும்போது கண் மூடுகிறது. ஈரத் தரை, மூடிய கண், குனிந்து நிமிர்ந்ததில் சரியும் ரத்த அழுத்தம் மூன்றும் ஒரே நொடியில் சேர்கின்றன. பாத உணர்வு மங்கிய சர்க்கரை நோயாளி அதுவரை கண்ணை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தார். அடுத்து பாதத்துக்குச் சோப்புப் போட ஒற்றைக் காலில் நிற்கிறார். பரிசோதனை அறையில் 4 நொடிகூட ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர், வீட்டில் தினமும் அதைச் செய்கிறார். ஆகவே கூடுதலாக ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள்: மொண்டு குளிப்பது, குத்துக்கால் கழிப்பறையிலிருந்து எழுவது, தரையில் உட்கார்ந்து எழுவது, டவுன் பஸ் படியில் ஏறுவது, இரவில் விளக்குப் போடாமல் சிறுநீர் கழிக்கப் போவது. ஆனால் இவற்றை எஃப்.ஈ.எஸ்-ஐ மதிப்பெண்ணோடு கூட்டாதீர்கள், அதில் உள்ள கேள்விக்குப் பதிலாகவும் போடாதீர்கள். கலந்துவிட்டால் எந்த எல்லைக்கோடும் செல்லாது. தனித் தாளில் எழுதுங்கள்.

இரண்டும் பொருந்தாதபோது

இரண்டும் அதிகமாக இருப்பவருக்கு வழி தெளிவு: சமநிலைப் பயிற்சி, கால் வலுப் பயிற்சி, வீட்டைச் சரிசெய்தல். உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அது சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சிகளால் வந்த பலன். கட்டிலில் படுத்தபடி காலைத் தூக்குவதால் வராது.

திடமான உடம்பில் பயம் குடியிருந்தால், இன்னும் பத்துத் தொடைப் பயிற்சிகள் தருவது பயனற்றது. அவர் எதைத் தவிர்க்கிறாரோ அதையே சிறு படிகளாக்கிச் செய்யவைக்க வேண்டும். படி பயம் என்றால் முதல் வாரம் ஒரே படி, கைப்பிடியோடு; பிறகு மூன்று; பிறகு கைப்பிடியைத் தொடாமல் அதன் மேல் கை மிதக்க. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 'பயப்படாதீங்க' என்று சொல்வது சிகிச்சை ஆகாது.

இவர்களில் பலருக்கு உண்மையான பயம் விழுவதைப் பற்றியதல்ல, விழுந்தபின் எழ முடியாமல் கிடப்பதைப் பற்றியதுதான். அதற்கு எழும் முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையில் ஊன்றி, கையும் முழங்காலுமாக நின்று, உறுதியான கட்டில் அல்லது நாற்காலி வரை தவழ்ந்து, இரு கையையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்கார்வது. முழுவதையும் ஒரே நாளில் செய்யவைத்தால் மிரண்டுவிடுவார். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குவது எளிது. தரையில் உட்கார்ந்தே வாழ்ந்த நம் பாட்டிமாருக்கு இது ஒரு காலத்தில் இயல்பாக வந்தது. முழங்கால் வலி வந்து 'தரையில் உட்காராதீர்கள்' என்று சொல்லப்பட்ட நாளிலிருந்து அந்தத் திறமையும் போனது. மாற்று மூட்டு வைத்தவருக்கு முழங்காலில் ஊன்றலாமா என்று அறுவை மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

தளர்ந்த உடம்போடு பயமின்றித் திரிபவரைப் பயமுறுத்தித் திருத்தலாம் என்று நினைப்பது பெரிய தவறு. அவர் வெளியே போய் வருவதே அவரைக் காக்கிறது. அவருக்குச் சூழலை மாற்றுங்கள்: குளியலறையில் சுவரில் பதித்த கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ரப்பர் அடி போட்ட ஸ்டூல், வாளியைத் தூக்கி வைக்க ஒரு மேடை, பின்வார் உள்ள செருப்பு, இரவு விளக்கு, கணுக்காலுக்கு மேல் நிற்கும் வேட்டி. கூடவே சோதனையை அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள். ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்பார் என்று முதலில் அவரையே சொல்லச் சொல்லுங்கள். 'அரை நிமிஷம்' என்றவர் 3 நொடியில் காலை ஊன்றியதும், நாம் எதுவும் சொல்லாமலேயே பேச்சு பயிற்சிக்கு வந்துவிடும்.

மறுஅளவீட்டை 8 முதல் 12 வாரத்தில் எடுக்கலாம். பெர்க் மதிப்பெண் 45 அல்லது அதற்கு மேல் தொடங்கியவருக்கு 4, 35 முதல் 44 வரை இருந்தவருக்கு 5, 25 முதல் 34 வரை இருந்தவருக்கு 7 புள்ளிகள் மாறினால்தான் அது உண்மையான மாற்றம். அதைவிடக் குறைவான மாற்றம் அளவீட்டில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். பயத்தின் மதிப்பெண்ணைப் படிக்க இன்னும் பொறுமை வேண்டும். இரண்டு வருடமாக வாசலைத் தாண்டாத ஒருவர் மறுபடி தெருவுக்குப் போகத் தொடங்கியதும் எஃப்.ஈ.எஸ்-ஐ சில புள்ளிகள் ஏறலாம், ஏனென்றால் இப்போதுதான் அவர் கற்பனையில் இல்லாமல் நிஜத்தில் நடந்து பார்த்துப் பதில் சொல்கிறார். தைரியசாலியான தாத்தாவுக்கு 16 என்றிருந்தது 21 ஆனால் அதுவும் தோல்வி இல்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, இந்த வாரம் எத்தனை நாள் வெளியே போனார், தனியாகவா துணையோடா என்பதையும் எழுதி வைத்தால்தான் ஏறியது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அடுத்து பார்ப்பவருக்குப் புரியும்.